முப்பத்தோராந் திகதி

இரவு பதினொன்று இருபதுக்குப் பிறந்தவன்.
பெரியாஸ்பத்திரிக் கூரையில் மழை.
கரண்ட் ஒருதரம் போய் வந்தது.
"இன்னுங் கொஞ்சம் முக்குங்கோ" என்றார் மருத்துவமாது.
முக்கினேன்.
நாற்பது நிமிஷம் பொறுத்திருந்தால்
பெப்ரவரி ஒன்று.
யார் நினைத்தது?
கல்வித் திணைக்களத்தைக் கேட்டுக்கொண்டா
பனிக்குடம் உடைகிறது?

அந்த இரவு திரும்பி வந்தது
ஒரு சுற்றறிக்கையின் மூன்றாம் வரியில்:
ஜனவரி முப்பத்தொன்றில் ஐந்து வயது பூர்த்தி.
பூர்த்தி.
கொத்து நிறைய அரிசி அள்ளித்
தலை வழித்து விடுகிற மாதிரி ஒரு சொல்.

தயாபரனுக்குப் புளுகம்.
"ஒரு வருஷம் மிச்சம்" என்றார்.
மிச்சத்தை எந்த வங்கியில் போடுவது என்று கேட்டேன்.
சீனன்குடா மாவாலையில்
லொறி நிறுக்கிற மனிசன்.
பத்துக் கிலோ பிசகினாலும் திருப்பி அனுப்புவார்.
இவனை மட்டும்
நிறுக்காமல் அனுப்பினார்.

பக்கத்து வாங்கில் பிரணவி.
அவளும் பெப்ரவரிதான், இரண்டாந் திகதி,
ஆனால் முந்தின வருஷத்துப் பெப்ரவரி.
ஒரே வகுப்பு. ஒரே வெள்ளைத் துணி.
தன் பெயரோடு தகப்பன் பெயரும் எழுதுவாள்,
வாத்தியார் மாதிரி அடியில் கோடும் கீறுவாள்.
என் பிள்ளை யதுஷன்.
ய வரும். து வரும்.
பிறகு ஒரு நண்டு வரும், கால்களை விரித்துக்கொண்டு.
பெயருக்குள் ஷ வைத்தது
என்னுடைய பிழை.

"மோசமில்லை, கொஞ்சம் மந்தம்"
என்றார் ஜெசிந்தா ரீச்சர், நல்ல மனுசி.
நான் விரல் விட்டுப் பார்த்தேன்.
பிரணவி பார்த்த ஒரு முழு வருஷத்தை
இவன் இன்னும் பார்க்கவில்லை.
வாழ்ந்தது மொத்தம் ஐந்து, அதில் ஒன்று.
எனக்கு முப்பத்தைந்து.
ஏழு வயது மூத்தவளோடு ஓட விட்டு
என்னையும் மந்தம் என்பார்களா?
கேட்கவில்லை.
தண்ணீர்ப் போத்தல் மூடியை
இறுக்கிப் பூட்டவேண்டாம் என்று மட்டும்
வீட்டில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மேசையில் தூங்கிவிடுகிறானாம்.
செவ்வாய்க்கிழமை காற்சட்டை
சொப்பிங் பையில் முடிச்சுப் போட்டு வந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
பையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு
கோழிக்குப் பின்னால் ஓடினான்.

உப்புவெளி பஸ்ஸில் அவனை மடியில் சுருட்டி
கொண்டக்டருக்குச் சின்னப்பிள்ளையாக்குவேன்.
படலையில் இறக்கி, சேட்டை இழுத்து விட்டு,
"பெரிய பெடியனெல்லே" என்பேன்.
இரண்டும் நான்தான், ஒரே காலையில்.

அதிபரிடம் போனேன்.
அடுத்த வருஷம் கொண்டுவரலாம்,
ஆனால் இடம் மிஞ்சினால்தான் என்றார்.
கடிதம் எழுதித் தரச் சொன்னார்.
எழுதினேன். கைப்பைக்குள் கிடக்கிறது,
பஸ் ரிக்கற்றுகளோடு.
ஒருநாள் "அம்மா, நான் ஷ எழுதினனான்" என்று வருவான்,
கிழிக்கலாம் போலிருக்கும்.
மற்றநாள் வாங்கில் படுத்த கன்னத்தில்
கொப்பியின் சுருள்கம்பித் தடம்.
கிழிக்க வராது.

இன்று பஸ் முந்திவிட்டது.
கோட்டை வாசல் பக்கம் நடந்தோம்.
இரவு மழைக்குப் புல் தளிர்த்து
மான்கள் வீதியோரம் வந்து நின்றன,
ஒரு ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தும் நகரவில்லை.
எண்ணத் தொடங்கினான், விரலை நீட்டி:
நாலு, அஞ்சு, ஆறு, எட்டு.

"ஏழு?" என்றேன், வாய் தவறி.
என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்,
தெரியாதவளுக்குச் சொல்வதுபோல்.
"அது இன்னும் வரேல்லை அம்மா."
கை காட்டின இடத்தில், மதகுக்கு அந்தப்பக்கம்,
ஒரு குட்டி,
முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து
தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

மணி ஏழு இருபத்தைந்து.
மணியடிக்க ஐந்து நிமிஷம்.
நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.